தூக்கத்திலிருந்து எழும்போது தடுமாறும் டச்ஸ்கிரீன்

கேள்வி: லினக்ஸில் ஐ2சி (சிப்களை இணைக்கும் இரு கம்பித் தொடர்பு) டச்ஸ்கிரீனுக்கு டிரைவர் எழுதுகிறேன். சஸ்பெண்டிலிருந்து மீளும்போது சில சமயம் ஐ2சி ரீட் தோற்றுப்போய், தொடுதல் வேலை செய்வதில்லை. ஐஆர்க்யூஎஃப்_நோ_சஸ்பெண்ட் கொடியைச் சேர்த்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது, கூடுதல் சிக்கல்தான் வரும். சஸ்பெண்டிலும் இன்டரப்டை (கவனம் கேட்டுச் சாதனம் அனுப்பும் சிக்னல்) திறந்தே வைக்கும் அந்தக் கொடி, டைமர் போன்றவற்றுக்கானது. சிஸ்டத்தை எழுப்பும் என்ற உத்தரவாதமும் அதில் கிடையாது.

கெர்னல் மீளும்போது, நோஐஆர்க்யூ கட்டம் (இன்டரப்ட்கள் மூடியிருக்கும் கட்டம்) முடிந்ததுமே இன்டரப்ட்களைத் திறந்துவிடுகிறது. உங்கள் ரெஸ்யூம் ஃபங்ஷன் அதற்கும் பிறகுதான் ஓடும். அந்த இடைவெளியில் ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) ஓடினால் ஐ2சி கன்ட்ரோலரே எழுந்திருக்காமல் இருக்கலாம். ரீட் தோற்பது இதனால்தான்.

தொட்டு எழுப்பும் வசதி வேண்டாமா? சஸ்பெண்டில் முதலில் டிசேபிள்_ஐஆர்க்யூ() அழைத்து இன்டரப்ட் லைனை மூடுங்கள், பிறகு சிப்பை உறங்க வையுங்கள். ரெஸ்யூமில் சிப்பைத் தயார் செய்துவிட்டுக் கடைசியாக எனேபிள்_ஐஆர்க்யூ() அழைத்துத் திறங்கள். ஒன்றில் கவனம்: டிசேபிள்_ஐஆர்க்யூ(), ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கும். ஹேண்ட்லர் கேட்கும் மியூடெக்ஸை (ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்தபடி அதை அழைத்தால், ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து இரண்டும் அப்படியே உறைந்துவிடும்.

எழுப்ப வேண்டுமென்றால் லைனை மூடாமல், சிப்பின் மின்சாரத்தையும் நிறுத்தாமல், எனேபிள்_ஐஆர்க்யூ_வேக்() அழையுங்கள். த்ரெட் ஹேண்ட்லர் (தனி த்ரெட்டில் ஓடும் ஹேண்ட்லர்), ரெஸ்யூம் முடியும்வரை காத்திருக்கட்டும். ஒன்ஷாட் கொடி (த்ரெட் ஹேண்ட்லர் முடியும்வரை லைனை மூடிவைப்பது) இருந்தால் அதுவரை லைன் மூடியே இருக்கும். எனேபிள்_ஐஆர்க்யூ_வேக்() அழைப்பு வெற்றி பெற்றிருந்தால் மட்டுமே ரெஸ்யூமில் டிசேபிள்_ஐஆர்க்யூ_வேக்() போடுங்கள்.