அழிந்துவரும் குரங்குகளைக் காக்கும் பொறுப்பை ஊர் மக்களிடமே விட்டுவிடலாமா?

விடலாம். 'வேலி போடு, காவலரை நிறுத்து' என்று ஒருகாலத்தில் வாதாடியவன்தான் நானும். என் பிடிவாதத்தைக் கரைத்தது மத்திய அமெரிக்காவிலுள்ள பெலீஸ் நாட்டின் ஓர் ஆற்றங்கரைக் கதை.

அங்கே வாழ்வது கருப்பு ஊளைக்குரங்கு. ஊர்க்காரர்கள் அதை 'பபூன்' என்கிறார்கள். (உண்மையான பபூன் ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்துக் குரங்கு. நம் நாடகமேடை பபூனுக்கும் இதற்கும் சத்தத்தைத் தவிர வேறு உறவில்லை.) 1985-இல் ராபர்ட் ஹார்விச் என்ற குரங்கு ஆய்வாளர் பெர்முடியன் லேண்டிங் கிராமத்துக்காரர்களிடம் பேசினார். நிலத்தை விலைக்குக் கேட்கவில்லை, தங்கள் நிலத்தில் குரங்குக்கு வேண்டிய மரங்களை விட்டுவைப்போம் என்ற வாக்குறுதியில் கையெழுத்துதான் கேட்டார். முதலில் இட்டவர்கள் 12 பேர். பிறகு அது 7 கிராமங்கள், 200-க்கும் மேற்பட்ட நில உரிமையாளர்கள் என்று வளர்ந்தது. 1998 முதல் அந்தக் கிராமத்துப் பெண்களின் குழுவே இந்தக் குரங்குக் காப்பிடத்தை நிர்வகிக்கிறது.

வாக்குறுதி எளிமையானது. ஆற்றோர மரங்களை ஒரு பட்டையாக விட்டுவைக்க வேண்டும். இருவர் நிலத்துக்கு நடுவே மரவரிசை வேண்டும். காடு திருத்தும்போது அத்தி போன்ற தீனி மரங்களில் கோடரி படக்கூடாது. ஊளைக்குரங்கு இலையும் பழமும் தின்று கிளைவழியே போகும் பிராணி. தரையில் இறங்குவது அபூர்வம். நடுவில் ஒரு வயல் அகலத்துக்கு மரமில்லை என்றால் கூட்டம் அந்தப் பக்கமே முடங்கிவிடும். எல்லையோர மரம்தான் அதற்குச் சாலை. விவசாயிக்கும் ஆதாயம் உண்டு: கரையில் வேர் பிடித்திருந்தால் வெள்ளத்தில் மண் அரிக்காது. குரங்கின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டிருந்தால் அத்தனை கையெழுத்து விழுந்திருக்குமா என்பது சந்தேகமே.

என்னை வாயடைக்க வைத்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். அதே நாட்டின் காக்ஸ்கோம்ப் சரணாலயத்தில் மஞ்சள் காய்ச்சல், 1961-இல் அடித்த ஹேட்டி புயல், வேட்டை எல்லாம் சேர்ந்து இந்தக் குரங்கையே இல்லாமல் ஆக்கியிருந்தன. 1992 முதல் 1994 வரை 62 குரங்குகளைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். எங்கிருந்து? இந்த விவசாயிகளின் நிலத்திலிருந்து. அரசுக் காட்டுக்கு ஊரார் விதை கொடுத்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. வாக்குறுதிக்குச் சட்டபலம் கிடையாது. நாளை மனம் மாறி ஒருவர் மரத்தை வெட்டினால் யாரும் தண்டிக்க முடியாது. சுற்றுலாப் பணமும் பார்வையாளர் மையம் இருக்கும் ஊரில்தான் அதிகம் தங்குகிறது. தள்ளியிருக்கும் கிராமத்தில் அத்திமரத்தை வெட்டாமல் விட்டவருக்கு விடியற்காலை ஊளைதான் மிச்சம்.