டிரையர் போட்டால் வீடே அதிர்கிறது!

கேள்வி: எங்களுடையது ஆறு வருடப் பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின். துவைக்கிற பக்கம் நன்றாக ஓடுகிறது, டிரையர்தான் தொல்லை. முதலில் லேசாகக் கடகடத்தது, இப்போது மெஷினே நகர்ந்துபோய் சுவரில் இடிக்கிறது. மூடியைத் திறந்தால் நிற்பதற்குள் கிரீச்சென்று ஒரு சத்தம் வேறு. மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன், வந்து பார்க்காமலேயே "மோட்டார் போயிருக்கும், மாத்திடலாம்" என்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். மோட்டார் எரிந்துபோனால் டிரையர் சுற்றவே சுற்றாது. உம்மென்று உறுமிக்கொண்டு நின்றால்கூடப் பல நேரம் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் மட்டும்தான் போயிருக்கும். உங்களுடையது சுற்றுகிறதே!

முதல் வேலை, துணி எதுவும் போடாமல் இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். சத்தம் இல்லையென்றால் கோளாறு துணி போடுகிற விதத்திலோ மெஷின் நிற்கிற இடத்திலோதான். டிரையர் டப் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அந்த வேகத்தில் ஈரத் துண்டு ஒன்று ஒரே பக்கமாக ஒதுங்கினாலும் டப் தள்ளாடி வெளிச்சுவரில் மோதும். துணியைப் பந்தாகச் சுருட்டிப் போடாமல் சுற்றிலும் சமமாகப் பரப்பி அழுத்திவிட்டு, மேலே அந்த ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டை மறக்காமல் வையுங்கள். அதைத் தொலைத்துவிட்டு அது இல்லாமலே ஓட்டுகிற வீடுகள் நிறைய. அப்புறம், மெஷின் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நின்றால் இறக்கிச் சமதரையில் வைத்துப் பாருங்கள். நகர்ந்துபோய் இடிக்கிறது என்கிறீர்கள், எனக்கு அதன்மேலும் சந்தேகம்.

காலியாக ஓடும்போதும் கடகடத்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டப்புக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். கைக்குட்டை, குழந்தையின் சாக்ஸ், சில்லறைக் காசு, ஹேர்பின் எல்லாம் அங்கேதான் போய் விழும். பிறகு டப்பின் விளிம்பைப் பிடித்து நாலு பக்கமும் அசையுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அசைந்து திரும்பி வர வேண்டும், ஒரு பக்கம் தொங்கினால் மோட்டாரைத் தாங்குகிற ஸ்பிரிங் ஒன்று துருப்பிடித்து உடைந்திருக்கும். டப் தண்டையும் மோட்டாரையும் இணைக்கிற கப்ளிங்கின் போல்ட் தளர்ந்தாலும் இதே சத்தம்தான் வரும். மோட்டார்மேல் தண்ணீர் சொட்டிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இருந்தால் டப்புக்கு அடியில் உள்ள ரப்பர் சீல் கிழிந்திருக்கிறது. அதை இப்போதே மாற்றிவிடுங்கள், விட்டுவைத்தால் அந்த மெக்கானிக் சொன்னது போல நிஜமாகவே மோட்டார் போய்விடும். ஸ்பிரிங், கப்ளிங், சீல் என்று பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்க்கிற வேலைகளை மெக்கானிக்கிடமே விடுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கிரீச் சத்தம் தனிக் கதை, அது பிரேக். மூடியைத் திறந்ததும் பிரேக் கட்டை வந்து டப்போடு சேர்ந்து சுற்றுகிற பிரேக் டிரம்மைப் பிடிக்கிறது. கட்டை தேய்ந்திருக்கலாம், பிரேக்கை இழுக்கிற ஒயர் தளர்ந்திருக்கலாம். ஓடும்போதே ரப்பர் கருகுகிற வாடை வந்தால் பிரேக் முழுசாக விடுபடாமல் உரசுகிறது என்று அர்த்தம், ஒயரைச் சரியாக இழுத்துக் கட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் மூடியைத் திறந்த பிறகும் டப் நிற்காமல் வெகுநேரம் சுற்றினால், பிரேக் சரியாகும்வரை டிரையரைத் தொடவே வேண்டாம். சுற்றிக்கொண்டிருக்கும் டப்பைக் கையால் நிறுத்தும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஈரத்துணி விரலில் சுற்றிக்கொண்டால் எலும்பே முறியும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். காலியாக ஓடும்போதும் வருகிறதா, ஆரம்பத்திலா, முழு வேகத்திலா, நிற்கும்போதா என்று சொல்லுங்கள். எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.