எத்தனை இடத்துக்கு அனுப்பினாலும் அழைப்பு வரவில்லை, ரெஸ்யூமில் என்ன தவறு இருக்கும்?

நான் பார்த்தவரை பெரிய தவறு, ஒரே ரெஸ்யூமை எல்லா வேலைக்கும் அனுப்புவதுதான். பல நிறுவனங்களில் விண்ணப்பங்கள் முதலில் ஒரு மென்பொருளுக்குள் போகின்றன; விளம்பரத்தில் உள்ள சொற்களை வைத்துத் தேடித்தான் ஆட்களைப் பொறுக்குகிறார்கள். அவர்கள் 'கணக்குத் தணிக்கை' என்று கேட்டிருக்க, நீங்கள் 'நிதிப் பணிகள்' என்று எழுதியிருந்தால் தேடலில் சிக்காமல் போகலாம். செய்த வேலைதான் என்றால் அவர்களுடைய சொல்லையே எழுதுங்கள். செய்யாததை எழுதினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அட்டவணைகளையும் படமாக ஒட்டிய எழுத்தையும் சில மென்பொருள்கள் சரியாகப் படிப்பதில்லை.

அப்புறம், 'விற்பனையைக் கவனித்தேன்' என்ற வரியில் ஒன்றுமே இல்லை. '3 பேர் குழுவோடு மாதம் 40 வாடிக்கையாளர்களைக் கையாண்டேன்' என்றால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரிகிறது. 'கடின உழைப்பாளி' என்று எழுதாதவர் யார்? அதை எடுத்துவிடலாம்.

எழுத்துப்பிழையை இன்னொருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நம் பிழை நம் கண்ணுக்குப் படாது. கைபேசி எண்ணை மட்டும் நீங்களே சரிபாருங்கள். அதில் ஒரு இலக்கம் மாறியிருந்து, அழைப்புக்காகக் காத்துக் கிடந்தவர்களும் உண்டு.