பூமியின் சுற்றளவு 57,500 கி.மீ. என்று வந்தது எப்படி?

கேள்வி: பழங்கால கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ், இரண்டு ஊர்களின் நிழல் கோணங்களை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட சோதனையை மார்ச் 20 அன்று திருநெல்வேலியிலும் ஓசூரிலும் உள்ள இரண்டு பள்ளிகள் சேர்ந்து செய்தோம். ஒரு மீட்டர் குச்சி, சரியாகப் பகல் 12 மணி. திருநெல்வேலியில் நிழல் 19.2 செ.மீ., ஓசூரில் 25.5 செ.மீ. இரண்டு ஊருக்கும் இடையே 550 கி.மீ. கணக்குப் போட்டால் சுற்றளவு 57,500 கி.மீ.க்கு மேல் போகிறது. பாடநூலில் 40,000 என்று இருக்கிறது. எங்கே தவறு? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்தது?

பதில்: குச்சியிலும் அளவுகோலிலும் குறை இல்லை. கடிகாரத்தையும் சாலையையும் நம்பியதுதான் காரணம். இரண்டு ஊர்களின் நிழல் கோண வித்தியாசம் 360 டிகிரியில் எத்தனையில் ஒரு பங்கோ, இடையிலுள்ள தொலைவும் சுற்றளவில் அத்தனையில் ஒரு பங்கு என்பதுதான் கணக்கு.

முதலில் கடிகாரம். நம் கடிகாரம் காட்டும் 12 மணி, 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரிய நேரம். உங்கள் இரண்டு ஊர்களும் 77.8 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் சூரியன் அங்கே உச்சிக்கு வர 19 நிமிடம் பிந்தும். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. ஆகவே ஆண்டு முழுவதும் இந்த உச்சிவேளை முன்னும் பின்னும் நகரும். மார்ச் 20 அன்று அது இன்னும் ஏழு நிமிடம் தள்ளிப்போகும். ஆக, அன்று உங்கள் ஊர்களில் உச்சிவேளை 12.26. நீங்கள் 26 நிமிடம் முந்திவிட்டீர்கள். உச்சியில் அளந்திருந்தால் 15.3 செ.மீ., 22.6 செ.மீ. என்று வந்திருக்கும். நிழல் நீளத்தைக் குச்சியின் உயரத்தால் வகுத்து, கால்குலேட்டரில் டேன் தலைகீழ் (tan⁻¹) அழுத்திக் கோணம் எடுத்துப் பாருங்கள்: உங்கள் அளவில் இரண்டு கோணங்களின் வித்தியாசம் 3.44 டிகிரி. வரவேண்டியது 4.03 டிகிரி.

அடுத்தது சாலை. 550 கி.மீ. என்பது மதுரை, சேலம் என்று வளைந்து போகும் பேருந்து வழி. இங்கே வேண்டியது வடக்கு-தெற்கு நேர்த்தொலைவு மட்டும். அது சுமார் 445 கி.மீ.தான். இந்த ஒன்றை மட்டும் திருத்தினால் விடை ஏறக்குறைய 46,600 ஆகிவிடும். கோணத்தையும் திருத்தினால் 445 × 360 ÷ 4.03 = 39,750 கி.மீ. துருவங்கள் வழியாகப் போகும் உண்மையான சுற்றளவு 40,008 கி.மீ. ஊர்த் தேர்வில் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. இரண்டும் அநேகமாக ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால், இரண்டு இடத்திலும் உச்சிவேளை அரை நிமிடம்கூட வேறுபடாது.

மறுபடி செய்வதானால் ஜனவரி 20 வாக்கில் செய்யுங்கள். டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் மழை மேகம் ஏமாற்றும். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் ஒரு மீட்டருக்கு நிழல் சுமார் 55 செ.மீ., 65 செ.மீ. என்று நீளமாக விழும். உச்சிவேளை 12.30. அப்போது நான்கு நிமிடம் பிசகினாலும் கோணத்தில் 0.02 டிகிரி கூட மாறாது. ஏப்ரல் 12 வாக்கில் திருநெல்வேலியில் நிழலில்லா நாள் வருமே, அன்று ஓசூரில் மட்டும் அளந்தால் போதுமே என்று தோன்றும். கதைக்கு அது பொருத்தம், அளவுக்கு ஆகாது. சூரியன் தலைக்கு நேரே இருக்கும்போது அதே நான்கு நிமிடப் பிசகு விடையில் 3 சதவீதத்தைத் தின்றுவிடும்.

குச்சியின் நுனி நிழலையும் அளக்காதீர்கள். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் நுனி நிழலின் ஓரம் ஒரு செ.மீ. அளவுக்கு மங்கலாகப் பரவும். கருநிழலின் முனையை அளப்பவருக்குக் கோணம் 0.27 டிகிரி குறையும். இரு பள்ளிகளும் ஒரே மாதிரி குறைத்தால் வித்தியாசத்தில் அது கழிந்துபோகும். ஒருவர் கருநிழலையும் மற்றவர் மங்கல் ஓரத்தையும் எடுத்தால் தொலைந்தது. நிழலில்லா நாள் முறையில் ஒரே ஓர் அளவு என்பதால் கழியவே வழியில்லை. விடை 42,600 என்று வீங்கும்.

இதற்கு எளிய மாற்று உண்டு. தடித்த அட்டையில் 3 மி.மீ. துளை போட்டு, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஸ்டாண்டில் படுக்கவாட்டில் பொருத்துங்கள். அட்டையின் நிழலுக்குள் ஒரு செ.மீ.க்குச் சற்று மேலான ஒளிவட்டம் விழும். அது சூரியனின் பிம்பம். அதன் நடுப்புள்ளியைத் துல்லியமாகக் குறிக்க முடியும். துளையிலிருந்து கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தை அடிப்புள்ளியாகக் கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் ஸ்டாண்டு சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. வெறும் குச்சி வடக்கிலோ தெற்கிலோ ஒரு டிகிரி சாய்ந்தால், 4 டிகிரியில் ஒரு டிகிரி போயிற்று என்று பொருள்.

மொட்டை மாடித் தரையில் நேரடியாக அளக்க வேண்டாம். மழைநீர் வடிவதற்காக அது சரிவாகத்தான் போடப்பட்டிருக்கும். ஒரு பிளைவுட் பலகையை வைத்து, ரசமட்டத்தை இரண்டு திசையிலும் வைத்துப் பார்த்து, அடியில் அட்டைத் துண்டு சொருகிச் சமப்படுத்துங்கள். பிறகு 12.10 முதல் 12.50 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி. அடிப்புள்ளிக்கு மிக அருகில் உள்ளதுதான் உச்சி அளவு. ஒரு பள்ளியில் ஒரு மி.மீ. தவறினாலும் விடையில் 400 கி.மீ.க்கு மேல் மாறும். ஆகவே 39,000 முதல் 41,000 வரை எது வந்தாலும் வெற்றிதான்.

தொலைவை கூகுள் மேப்பில் எடுக்கலாம். ஆனால் அந்த வரைபடமே பூமியின் அளவைத் தெரிந்துகொண்டு போட்டது என்பதை மாணவர்களிடம் மறைக்காதீர்கள். நிலத்தில் அளப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு இங்கேயே சான்று இருக்கிறது: ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை (முக்கோண அளவைக்கான தொடக்கக் கோட்டை) அளந்தார். பின்னர் 78 டிகிரித் தீர்க்கரேகையை ஒட்டி, முக்கோணம் முக்கோணமாக நில அளவை நீண்டது. உங்கள் இரண்டு ஊர்களும் அந்தத் தடத்துக்குப் பக்கத்தில்தான் உள்ளன.

எரட்டோஸ்தனிஸுக்கு மட்டும் சரியாக வந்தது என்பதையும் சற்றுத் தட்டிப்பார்க்க வேண்டும். அவர் எழுதிய நூல் அழிந்துவிட்டது. நமக்குத் தெரிவது பெரும்பாலும் பின்னால் வந்த கிளியோமெடிஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் சொன்னதுதான். அதன்படி, எரட்டோஸ்தனிஸ் பார்த்தது கிண்ணம் போல் குழிந்த சூரியக் கடிகாரத்தை. அதில் நிழல் வட்டவில்லின் மீதே விழும். டேன் கணக்கு தேவையில்லை. அலெக்சாந்திரியாவில் நிழல் முழு வட்டத்தில் 50-இல் ஒரு பங்கு, அதாவது 7.2 டிகிரி. அதே நண்பகலில் நிழலே விழாத சையீனி என்ற இன்றைய அஸ்வான் வரை 5,000 ஸ்டேடியா (பழைய கிரேக்க நீள அளவு). 50-ஆல் பெருக்கினால் 2,50,000. அதே கிளியோமெடிஸ், சையீனியைச் சுற்றி 300 ஸ்டேடியா அகலத்துக்கு நண்பகலில் நிழலே இல்லை என்றும் சொல்கிறார். மேலே சொன்ன சூரியத் தட்டின் வேலைதான் அதுவும்.

அஸ்வான் அலெக்சாந்திரியாவுக்கு நேர் தெற்கே இல்லை. 3 டிகிரி கிழக்கே தள்ளியிருக்கிறது. நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 840 கி.மீ., அதில் வடக்கு-தெற்குப் பங்கு 790 கி.மீ.க்கும் சற்றுக் குறைவு. 5,000 என்பது கையால் அளந்த எண்ணாக இல்லாமல் முழுமையாக்கிய எண்ணாகத் தெரிகிறது. போதாததற்கு, ஒரு ஸ்டேடியா எத்தனை மீட்டர் என்பதில் அறிஞர்களிடம் ஒற்றுமை இல்லை. 157.5 மீட்டர் என்று எடுத்தால் 39,375 கி.மீ.; 185 மீட்டர் என்றால் 46,250 கி.மீ. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம்தான் பிழை என்று எழுதுகிறவர்கள் சாதகமான ஸ்டேடியாவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டவர்கள். சாலைத் தூரத்தை மட்டும் திருத்தியபோது உங்களுக்கு வந்த 46,600, அந்த இரண்டாவது எண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.