கடினமான கேமில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோற்றும் ஏன் விடாமல் விளையாடுகிறோம்?

கேள்வி கேட்டவர் தன் தம்பியை வைத்துத்தான் கேட்டிருக்கிறார். மூன்று நாளாக ஒரே பொஸ்ஸிடம், அதாவது வழியை மறிக்கும் ஒரு பெரிய எதிரியிடம், தோற்கிறானாம். கொன்ட்ரோலரைக் கட்டிலில் எறிகிறானாம், முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் அதையே தொடங்குகிறானாம். இதில் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. அந்தத் தம்பியின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

என் ஊர் விசுவமடு. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில் நான் வீட்டோடுதான் இருந்தேன். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை, வேலைக்குப் போக வழியில்லை. கையில் இருந்தது பழைய லப்டொப் ஒன்றும், கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் வாங்கித் தந்த ஹொலோ நைட் என்ற கேமும். லப்டொப்பின் பற்றரி ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் தாக்குப்பிடிக்கும். கரண்ட் இல்லாத இரவில் அவ்வளவுதான் என் நேரம்.

ஹொலோ நைட் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சின்னக் குழு செய்து 2017 இல் வெளியிட்ட கேம். நிலத்துக்குக் கீழே பாழடைந்து கிடக்கும் பூச்சிகளின் இராச்சியம், அதற்குள் ஆணி ஒன்றை வாளாகப் பிடித்துக்கொண்டு இறங்கும் குட்டி வீரன். உயிருக்குக் கணக்காக ஐந்து முகமூடிகள் தருவார்கள். எதிரியை அடிக்க அடிக்க ஒரு சக்தி சேரும். அதைச் செலவழித்துக் காயத்தை ஆற்றலாம், ஆனால் ஆற்றும் அந்த ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு கணத்தில்தான் நான் அதிகம் செத்தேன்.

என்னை நிறுத்திவைத்தவர்கள் மான்டிஸ் லோர்ட்ஸ். நாங்கள் கும்பிடுபூச்சி என்று சொல்வோமே, அதே பூச்சிதான். மூன்று பேர் உயரமான சிம்மாசனங்களில் இருப்பார்கள், பக்கத்தில் நாலாவது சிம்மாசனம் ஒன்று உடைந்து கிடக்கும். நீங்கள் முன்னால் போய் நின்று சண்டைக்கு அழைத்தால்தான் எழும்புவார்கள். முதலில் ஒருவர் தனியாக வருவார். அவரை வீழ்த்தினால் மற்ற இருவரும் சேர்ந்து வருவார்கள். அவர்களிடம் இருப்பது மூன்றே மூன்று அடிகள்: நிலத்தோடு ஒட்டிப் பாய்வது, மேலே இருந்து நேராகக் குத்தி இறங்குவது, சுவரில் தொங்கியபடி சுழலும் ஆயுதத்தை வீசுவது. வீசியது வளைந்து திரும்பியும் வரும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு அசைவு உண்டு. அதைப் பார்த்தால் என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும். மறைப்பதற்கு அவர்களிடம் எதுவுமே இல்லை.

அப்படியிருந்தும் முதல் இரண்டு இரவும் எனக்குத் தோல்விதான். செத்தால் கேமில் கடைசியாக உட்கார்ந்து ஓய்வெடுத்த வாங்கில் எழும்ப வேண்டும், அங்கிருந்து மறுபடி நடந்து வர வேண்டும். செத்த இடத்தில் உங்கள் நிழல் காசைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை எடுப்பதற்கு முன் மறுபடி செத்தால் காசும் போய்விடும். லப்டொப் திரையின் மூலையில் பற்றரி 20, 15, 9 என்று இறங்குவது தெரியும். அந்த இலக்கத்தைப் பார்க்கப் பார்க்க அவசரம் வரும், அவசரத்தில் இன்னும் விரைவாகச் சாவேன். நெஞ்சுக்குள் ஒரு எரிச்சல் ஏறும், உண்மையான எரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு லப்டொப்பை மூடிவிட்டுக் கிடந்தால் நித்திரை வராது. கண்ணை மூடினாலும் அந்தக் கும்பிடுபூச்சி பாய்ந்துகொண்டே இருக்கும்.

மூன்றாம் நாள் ஒரு கொப்பியை எடுத்தேன். ஒவ்வொரு தடவை செத்ததும் எதனால் செத்தேன் என்று ஒரு வரி. அதற்கு மேல் ஒன்றும் எழுதுவதில்லை. 41 வரிகள் சேர்ந்தபோது பகல் வெளிச்சத்தில் இருந்து எண்ணிப் பார்த்தேன். 26 வரிகளில் இரண்டே காரணங்கள்தான் இருந்தன: ‘இன்னும் ஒரு அடி அடிக்கப் போனேன்’, ‘காயம் ஆற்ற நின்றேன்’. பாய்வதற்குச் செத்தது மூன்று தடவைதான். நான் இரண்டு நாளாகத் திட்டிக்கொண்டிருந்ததோ அந்தப் பாய்ச்சலை. என்னைக் கொன்றது என் ஆசையும் பயமும். ஒரு அடி விழுந்ததும் கை தானாக இரண்டாவது அடிக்குப் போகிறது. ஒரு முகமூடி உடைந்ததும் கை தானாக ஆற்றும் பட்டனுக்குப் போகிறது. இதை யாராவது முன்னரே என்னிடம் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். என் கையெழுத்தில் இருந்தபடியால் நம்பினேன்.

அதன் பிறகு ஒரு விதி வைத்தேன். ஒரு அடி, விலகு. முகமூடி ஒன்று உடைந்தாலும் ஆற்றப் போகாதே, அடுத்த குத்து நிலத்தில் இறங்கி முடியும் வரைக்கும் பொறு. அப்படி விளையாடத் தொடங்கியதும் நடந்த மாற்றத்தைத்தான் கேள்வி கேட்டவருக்குச் சொல்ல விரும்புகிறேன். சண்டை மெதுவாகிவிட்டது. கேம் அதே வேகத்தில்தான் ஓடுகிறது, ஆனால் என் கண்ணுக்கு நேரம் கிடைத்துவிட்டது. அவர் தோளைச் சாய்க்கிறார், சரி, பாயப் போகிறார். காணாமல் போய்விட்டார், சரி, மேலே. நேற்று வரை ஒரே குழப்பமாகத் தெரிந்தது இன்று ஒவ்வொன்றாகத் தெரிகிறது. இந்த மாற்றம் நடக்கும் நிமிடம் வென்ற நிமிடத்தை விடப் பெரியது என்று இன்றும் நினைக்கிறேன். உங்கள் தம்பி கட்டிலில் எறிந்த கொன்ட்ரோலரை மறுபடி எடுப்பது இதற்காகத்தான். அவனுக்கு அது இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் கிட்ட வந்துவிட்டது என்று அவன் கைக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் காலை, கரண்ட் வந்த நேரம், வென்றேன். இதைச் செய்தவர்கள் வெற்றிக்குப் பிறகு வைத்திருக்கும் காட்சியை நான் மறக்கமாட்டேன். பாட்டு நின்றுவிடுகிறது. அந்தப் பெரிய பூச்சிகள் உங்களைப் பார்த்துத் தலைகுனிகின்றன. அந்தக் கிராமத்தில் அதுவரைக்கும் கண்டவுடன் வெட்ட வந்த காவல் பூச்சிகள்கூட, நீங்கள் திரும்பி நடந்து போகும்போது ஒதுங்கி நின்று வணங்குகின்றன. கும்பிடுபூச்சி என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள். அது உண்மையாகவே கும்பிட்டதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கிராமத்துக்குள் ஒரு வேலையும் இல்லாமல் கொஞ்ச நேரம் நடந்து திரிந்தேன்.

இங்கே அம்மா சொன்னதையும் எழுத வேண்டும். நாலாம் நாள் இரவு அவர் என்னிடம் கேட்டார்: “நாங்கள் பட்ட கஷ்டம் காணாதோ? நீ ஏனப்பு தேடிப் போய்க் கஷ்டப்படுறாய்?” சரியான கேள்வி. அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 2009 இல் எனக்குப் பதினொரு வயது. அந்த மாதங்களில் செல் வரும் சத்தத்தைக் கேட்டு பங்கருக்குள் ஓடப் பழகியிருந்தோம். ஆனால் அது எங்கே விழும் என்பதைப் படிக்க முடியாது. கவனமாக இருந்தவரும் போனார், கவனமில்லாமல் நின்றவர் தப்பினார். அந்தக் கஷ்டத்திடம் இருந்து நீங்கள் எதையும் கற்றுக்கொண்டு அடுத்த தடவை நன்றாகச் செய்ய முடியாது. அடுத்த தடவை என்ற ஒன்றே அதில் இல்லை. இந்தக் கேமின் கஷ்டம் வேறு. அது சொன்ன சொல் மாறாது. தோளைச் சாய்த்தால் பாய்வார், நூறு தடவை சாய்த்தாலும் நூறு தடவையும் பாய்வார். நான் திருந்தினால் முடிவும் மாறும். அப்படி ஒரு நேர்மையான கஷ்டம் எனக்குத் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். இதைப் பிறகொரு நாள் அம்மாவிடம் சொன்னேன். “ஓம்” என்று மட்டும் சொன்னார்.

அதனால்தான் எல்லாக் கஷ்டமான கேமையும் நான் ஒரே தட்டில் வைப்பதில்லை. போனில் ஒன்லைனில் சுடும் கேம் எங்கள் பக்கத்துப் பெடியள் எல்லோரும் விளையாடுகிறார்கள். மழைக்காலத்தில் சிக்னல் விழுந்து பிங், அதாவது தகவல் போய்வர எடுக்கும் நேரம், 300 மில்லிசெக்கனைத் தாண்டும்போது, மதிலுக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்துவிடுவீர்கள். அதில் வரும் கோபத்துக்குப் போக்கிடமே கிடையாது. தோல்வியில் இருந்து எடுக்க ஒன்றும் இல்லை. மாறாக, 2018 இல் வந்த செலஸ்ட் என்ற மலையேறும் கேமில் உச்சி ஏறும் அத்தியாயத்தில் மட்டும் நான் 412 தடவை செத்தேன், ஒரு தடவைகூட எரிச்சல் நீடிக்கவில்லை. விழுந்த அதே நொடியில் அந்தத் திரையின் தொடக்கத்தில் மறுபடி நிற்பீர்கள். கோபப்படவே நேரம் தரமாட்டார்கள். அத்தியாயம் முடிந்ததும் எத்தனை தடவை செத்தீர்கள் என்று எண்ணிக் காட்டுவார்கள், அதில் எனக்குப் பெருமைதான். அதில் வேகத்தைக் குறைக்கவும் சாகாமல் விளையாடவும் ஒரு உதவி வசதி இருக்கிறது. கை ஏலாதவர்கள், நேரமில்லாதவர்கள் அதைப் போட்டுக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை என்பது என் எண்ணம். மலை எல்லோருக்கும்தான்.

தம்பிக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கோபம் வந்த பிறகு விளையாடும் ஐந்து ஆட்டங்களும் கைக்குப் பிழையைத்தான் பழக்கும். நித்திரை கொண்டு எழும்பி வந்து ஆடும் முதல் ஆட்டத்தில் கை தானாகச் செய்யும். மான்டிஸ் லோர்ட்ஸை நான் வென்றது காலையில் என்று சொன்னேனே.

ஆனால் இந்தச் சந்தோஷத்தை நான் முதன்முதலில் அறிந்தது இவை எல்லாவற்றுக்கும் பத்து வருடம் முன்னால். முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்த காலம். 2012. எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் வரவில்லை. பெரியம்மாவின் மகன், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், வவுனியாவில் இருந்து ஒரு ரீவி கேம் வாங்கி வந்தார். அதில் மரியோ இருந்தது. சின்ன ஜெனரேற்றர் ஒன்றில் ரீவியை ஓட்டுவோம். பெற்றோல் ஒரு நாளைக்கு அரைப் போத்தல், அதற்கு மேல் இல்லை. மரியோவில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்க முடியாது. பெற்றோல் முடிந்தால் மரியோவும் முடிந்தார், நாளைக்கு மறுபடி முதலில் இருந்து.

1-2 இல், அதாவது முதலாம் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில், கூரைக்கு மேலால் ஓடினால் நாலாம் உலகத்துக்குப் போகலாம், 4-2 இல் ஒளிந்திருக்கும் கொடியில் ஏறினால் எட்டாம் உலகத்துக்குப் போகலாம் என்று பக்கத்து ஒழுங்கைப் பெடியள் சொல்லித் தந்திருந்தார்கள். எட்டாம் உலகம்தான் எங்களைக் கொன்றது. இடையில் எங்கே செத்தாலும் அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்கே போக வேண்டும். 8-3 இல் சுத்தியல் எறியும் ஆமைகள் இரண்டு இரண்டாக நிற்கும். அண்ணாவும் நானும் மாறி மாறி விளையாடி மாதக்கணக்கில் 8-4ஐத் தாண்டவில்லை. ஜெனரேற்றர் இழுக்கத் தொடங்கினால் ரீவிப் படம் சுருங்கும். அந்தச் சுருங்கிய படத்தில், மரியோ மீட்க வேண்டிய இளவரசிக்குக் கிட்டப் போய் இருண்டுபோன இரவுகள் இரண்டு.

ஒரு நாள் பின்னேரம், அண்ணா வயலில் யூரியா எறிந்துகொண்டு நின்ற நேரம், நான் தனியாக இருந்து முடித்தேன். கோடரியைத் தொட்டேன், பாலம் விழுந்தது, அந்த ராட்சத ஆமை கீழே போனது. பார்க்க ஒருவரும் இல்லை. வரம்பால் ஓடிப்போய், “அண்ணா, முடிச்சிட்டன்” என்றேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “பொய் சொல்லாதை.”

“இல்லை அண்ணா. முடிச்சாப் பிறகு திரும்பவும் முதல்ல இருந்து தொடங்குது. இந்த முறை அந்தக் காளான் குட்டியள் வரேல்லை. அதுக்குப் பதிலா ஓட்டு வண்டு வருது, நெருப்பு அடிச்சாலும் சாகுதில்லை.”

அப்போதுதான் நிமிர்ந்தார். அப்படி ஒன்றை அவரும் கண்டதில்லை, நான் கற்பனை செய்திருக்கவும் முடியாது. யூரியாச் சட்டியை வரம்பில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் ஓடினார். ஜெனரேற்றர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 1-1 இல் முதல் காளான் வர வேண்டிய இடத்தில் கறுத்த வண்டு ஒன்று நடந்து வந்தது. அண்ணா முழங்கால் வரை சேற்றோடு பாயில் குந்தி, என் கையில் இருந்து கொன்ட்ரோலரை வாங்கினார். முதல் வண்டைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார். கொடிக்கம்பத்துக்கு வர முன் படம் சுருங்கத் தொடங்கியது.