ஐஸ் ஹாக்கியில் பின்னால் நிற்கும் ஆட்டக்காரரின் வாழ்க்கை எப்படிப்பட்டது?

"கோல் போடுகிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தற்காப்பு ஆட்டக்காரருக்கு அப்படி என்ன வேலை, அவர் வாழ்க்கை எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது தையல் போட்ட ஒரு முகம்.

1986 இறுதி. நான் ரொறன்ரோவுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த சமையற்காரர் ஒருநாள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை என் முன்னே விரித்தார். ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். நெல்லுச் சாக்கின் வாயைச் சாக்கூசியால் தைத்ததுபோல, கண்ணருகே தொடங்கிய தையல் மூக்கோரமாக இறங்கி வாய் வரை போயிருந்தது. பனித்தரையில் விழுந்து கிடந்தவரின் முகத்தில் எதிரணி வீரரின் சறுக்குக் காலணி ஏறிவிட்டதாம். 200க்கும் மேற்பட்ட தையல்கள். "திரும்பி வருவார், பார்" என்றார் சமையற்காரர். வந்தார், கண்ணைக் காக்கும் கவசத்தோடு. அவர்தான் ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணியின் 21ஆம் எண் தற்காப்பு ஆட்டக்காரர் போர்யே சால்மிங்.

அந்தச் சமையற்காரர்தான் எனக்கு ஆட்டத்தையும் கற்றுக்கொடுத்தார். களத்தில் கோல் காப்பாளரைத் தவிர்த்து ஐந்து பேர். அதில் மூவர் முன்னால், இருவர் பின்னால். எதிரி முழு வேகத்தில் பாய்ந்து வரும்போது, பின்னால் நிற்பவர் அவரைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்க வேண்டும். பார்வை, மட்டையால் அடித்து ஆடும் ரப்பர் வட்டான பக்கின் மேல் இருக்கக் கூடாது, ஆளின் மார்பின் மேல் இருக்க வேண்டும். கையும் மட்டையும் ஏமாற்றும், மார்பு ஏமாற்றாது. அப்படியே அவரைச் சுவரோரமாக ஒதுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி உடம்பால் செய்வது. பக் என்பது ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர். துள்ளாமல் இருக்க அதை உறைய வைத்துத்தான் ஆடுவார்கள். பலமாக அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டும். அதன் குறுக்கே தெரிந்தே போய் விழ வேண்டும். சால்மிங் ஒவ்வோர் இரவும் அதைச் செய்தார். தடுக்கப்பட்ட கோல் பலகையில் ஏறாது என்பதால் புதிதாகப் பார்ப்பவருக்கு இந்த உழைப்பு கண்ணில் படாது. எனக்கும் இரண்டு குளிர்காலங்கள் கழிந்த பிறகுதான் பட்டது.

அவர் பிறந்தது 1951இல், ஸ்வீடனின் வடகோடியில், துருவ வட்டத்துக்கும் அப்பால் உள்ள கிருனாவில். இரும்புச் சுரங்க ஊர். தந்தை, வட ஐரோப்பாவின் 'சாமி' என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். சுரங்க விபத்தில் அவர் இறந்தபோது போர்யேக்கு ஐந்து வயது. அண்ணன் ஸ்டிக்கின் பின்னாலேயே ஹாக்கிக்குப் போனவர், ஸ்வீடனின் பிரைனஸ் அணிக்கு ஆடத் தொடங்கினார். 1972 கிறிஸ்துமஸ் காலத்தில் ரொறன்ரோ அணியின் தேர்வாளர் ஒருவர் ஸ்வீடனுக்குப் போனது வேறொருவரை, ஒரு கோல் காப்பாளரை, பார்க்கத்தான். அன்றைய ஆட்டத்தில் நடுவரோடு மோதியதால் சால்மிங் வெளியேற்றப்பட்டார். தேர்வாளர் உடைமாற்றும் அறைக்கே போய், எங்களுக்கு ஆட வருகிறாயா என்று கேட்டுவிட்டார். என்ன கண் அந்த மனிதருக்கு!

1973இல் அவரும் இங்கெ ஹம்மர்ஸ்ட்ரோம் என்ற இன்னொரு ஸ்வீடன் வீரரும் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். ஐரோப்பியர்கள் மென்மையானவர்கள், இடித்தால் ஓடிவிடுவார்கள் என்பது அன்றைய வட அமெரிக்காவின் முடிவு. 'கோழை ஸ்வீடன்காரன்' என்று முகத்துக்கு நேரே கத்தினார்கள். மட்டையால் குத்தினார்கள். குறிப்பாக பிலடெல்பியா அணி அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அவர் நாட்டுக்குத் திரும்பவில்லை. அடியை வாங்கிக்கொண்டு அடுத்த முறையும் அதே மூலைக்குள் பக்கை எடுக்கப் போனார். 1976இல் கனடா கிண்ணப் போட்டிக்காக ஸ்வீடனின் சீருடையில் ரொறன்ரோவில் இறங்கியபோது, கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. வேற்று நாட்டு அணியின் வீரரை இப்படி வரவேற்கும் கூட்டத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

மொத்தம் 17 பருவங்கள், 1,148 ஆட்டங்கள், 150 கோல்கள், 637 கோல் உதவிகள். கடைசிப் பருவம் மட்டும் டெட்ராய்ட்டில். சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நோரிஸ் விருதில் இரண்டு முறை இரண்டாம் இடம். லீக்கை வெல்லும் அணிக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கிண்ணம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. முன்பு கொக்கெயின் பயன்படுத்தியதை அவரே பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டதற்காக 1986இல் வட அமெரிக்க ஹாக்கி லீக் அவரை 8 ஆட்டங்கள் விலக்கிவைத்ததும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்வதுதான் முறை. 1996இல் ஹாக்கிப் புகழரங்கில் சேர்க்கப்பட்ட முதல் ஸ்வீடன்காரர் அவர்.

2022 ஆகஸ்டில் அவருக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் என்று அறிவித்தார்கள். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். மருந்தால் குணமாகாது. நவம்பரில் அவரை ரொறன்ரோவுக்கு அழைத்து வந்தார்கள். அதற்குள் பேச்சு போயிருந்தது. நான் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியபோது பதிலுக்குக் கையசைக்க அவரால் முடியவில்லை. பக்கத்தில் நின்ற பழைய அணித்தலைவர் டாரில் சிட்லர் அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இருவரும் அழுதார்கள். சோபாவில் இருந்த என் மனைவிக்கு ஹாக்கி தெரியாது. அவளும் அழுதாள்.

இரண்டு வாரங்களுக்குள், நவம்பர் 24 அன்று சால்மிங் காலமானார். வயது 71.

நவம்பர் 12ஆம் தேதி ஆட்டத்தில் பயிற்சியாளர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1973இல் ஓர் அணியில் இரண்டு ஸ்வீடன்காரர்கள் இருந்ததே இந்த ஊரில் பேச்சாக இருந்தது. அன்று சால்மிங்கின் கண்முன்னே ரொறன்ரோவுக்காக ஆட்டத்தைத் தொடங்கிய ஆறு பேரும் ஸ்வீடன்காரர்கள்: முன்னால் மூவர், கோல் காப்பாளர், பின்னால் சான்டினும் லிலியெக்ரெனும்.