இரண்டு பந்துகள் உங்கள் வீட்டில் இருக்கின்றன

கேள்வி: அமைதியைத் தேடி நகரத்துக்கு வெளியே வீடு வாங்கிக்கொண்டு வந்து 11 வருடம் ஆகிறது. சுமார் 60 வீடுகள் உள்ள குடியிருப்பு. முன்பெல்லாம் கோடை வந்தால் சாயங்காலம் தெருவே கலகலவென்று இருக்கும். இப்போது ஏழு மணிக்குக்கூட ஆள் நடமாட்டம் இல்லை. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஏசியில் கிடக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. விடுமுறையில் தெருவில் பந்தடிக்கும் பையன்களின் கூச்சல் ஒன்றுதான் மிச்சம். சங்கத்தில் சொல்லி ‘இங்கே விளையாடக் கூடாது’ என்று போர்டு வைத்தும் அடங்கவில்லை. என் வீட்டுக்குள் வந்து விழுந்த இரண்டு பந்துகளைத் திருப்பித் தராமல் வைத்திருக்கிறேன். மக்களிடம் அந்தப் பழைய ஒற்றுமை உணர்வு ஏன் செத்துப்போனது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கேள்வியோடு பதிலையும் நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தின் முதல் பாதியை எழுதியவரையும் இரண்டாம் பாதியை எழுதியவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் அடிதடிதான் நடக்கும். ஒருவருக்குத் தெரு கலகலப்பாக இருக்க வேண்டும். இன்னொருவருக்குச் சத்தமே ஆகாது.

அப்புறம் ஒரு சின்னச் சந்தேகம். 11 வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது என்கிறீர்களே, அவர் அதை ஒளித்தா வைத்திருக்கிறார்? போன வாரம் கிட்டத்தட்ட இதே புலம்பலோடு இன்னொரு கடிதம் வந்தது. அது உங்கள் பக்கத்து வீட்டிலிருந்தே வந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஒற்றுமை உணர்வு என்பது மனசுக்குள் ஊறும் நற்குணம், இந்தக் காலத்து ஆட்களிடம் அது வற்றிவிட்டது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியே வர ஒரு சாக்கு வேண்டும், வந்தால் நிற்க ஓர் இடம் வேண்டும். அவை இருந்தால் சுமாரான மனிதர்கள்கூட ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையாக இருப்பார்கள். அவை இல்லாத தெருவில் உத்தமர்களே குடியிருந்தாலும் சாயங்காலம் காலிதான்.

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு ஆய்வாளர் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் பக்கம் பக்கமாக இருந்த மூன்று தெருக்களைப் பார்த்தார். ஒன்றில் நாளைக்கு 2,000 வண்டிகள் ஓடின, ஒன்றில் 16,000, மூன்றாவது இடைப்பட்டது. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டி மிகுந்த தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, 0.9 தான். முகம் பார்த்துச் சிரிக்கும் பழக்கமும் அங்கே பாதிக்குப் பாதி. எனக்குப் பிடித்தது அவர் கேட்ட இன்னொரு கேள்வி: ‘உங்கள் இடம் என்று எதுவரை நினைக்கிறீர்கள், வரைபடத்தில் காட்டுங்கள்.’ முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் சேர்த்து வட்டம் போட்டார்கள். வண்டித் தெருக்காரர்களின் கோடு வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. நீங்கள் கோடு போட்டால் எங்கே போடுவீர்கள்? அந்த போர்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

ஏசியைத் திட்டுவதில் நான் உங்களோடு சேர மாட்டேன். ஒன்று, அது எங்கள் அச்சுத் தொழிலுக்குப் பிறந்த பிள்ளை. 1902-இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போனதால்தான் வில்லிஸ் கேரியர் அந்த இயந்திரத்தை வடிவமைத்தார். இன்னொன்று, வெயில் ஆளைக் கொல்லும். வயதானவர்கள் குளிர்ந்த அறையில்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த அறைக்குள் அவர் நலமாக இருக்கிறாரா என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

1995 ஜூலையில் சிகாகோவில் வெயில் 41 டிகிரியைத் தொட்டது. ஒரே வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் அதிகமாக இறந்தார்கள். தனியாக வசித்த முதியவர்கள் அதில் ஏராளம். எரிக் கிளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் அங்கே அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார்: வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல். இரண்டிலும் ஏழைகள், இரண்டிலும் தனித்து வாழும் முதியவர்கள். வெயிலும் ஒன்றுதான். சாவு விகிதம் மட்டும் வடக்கே சுமார் பத்து மடங்கு அதிகம். வடக்கில் கடைகள் மூடிக் கிடந்தன, மனைகள் புதர் மண்டிக் கிடந்தன, கிழவர்களுக்கு வெளியே கால் வைக்கப் பயம். தெற்கில் நடைபாதையில் கூட்டம், கடையில் கூட்டம். வீட்டைவிட்டு இறங்கினால் ஒதுங்க ஓர் இடம் இருந்தது. தெற்கே இருந்தவர்கள் அன்பில் உயர்ந்தவர்கள் என்று அவர் சொல்லவில்லை. தெருவுக்கு உயிர் இருந்தது, அவ்வளவுதான்.

‘சரி, வருடத்துக்கு ஒரு விழா வைத்துவிடலாமே’ என்று உங்கள் சங்கம் சொல்லும். தாராளமாக வையுங்கள். ஆனால் அக்கம்பக்கத்தார் கூடிக் கொண்டாடும் நாளை 1999-இலேயே தொடங்கிய ஊர் பாரிஸ். நான்கே வருடம் கழித்து, 2003 ஆகஸ்ட் வெயிலில் பிரான்சில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பாரிஸில் கேட்பாரற்றுக் கிடந்த 57 உடல்களைச் செப்டம்பரில் தியே கல்லறைத் தோட்டத்தில் புதைத்தபோது நாட்டின் அதிபரே வந்து நின்றார். விழா நாளில் கை குலுக்குவதைவிட, ‘மூன்று நாளாக அந்த ஜன்னல் திறக்கவில்லையே’ என்று ஒருத்தர் கண்ணில் படுவதுதான் முக்கியம். அதற்கு அந்த ஒருத்தர் தெருவில் இருக்க வேண்டும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கோடை ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போனது. அரைமணி நேரம் எல்லோரும் உள்ளேயே பொறுத்துப் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒருத்தர் செய்தித்தாளை நாலாக மடித்து விசிறிக்கொண்டே வந்தார். ஒரு சிறுமி டார்ச்சைத் தாடைக்குக் கீழே வைத்துப் பேய் காட்டினாள். எதிர்வீட்டு அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து, ‘உங்க ஏணி எங்க வீட்டுல ரெண்டு மாசமா இருக்குங்க’ என்று ஒருத்தரிடம் சொல்ல, அவர், ‘ஓ, அங்கயா இருக்கு? நான் புதுசு வாங்கிட்டேனே’ என்றார். அந்த வாசலில் நின்று பேசியதில், 20 வீடு உள்ள தெருவில் 14 ஏணி இருப்பது தெரியவந்தது. ஏணி என்ன, வருடத்துக்கு இரண்டு தடவை ஏறுகிற சாமான். கேட்கக் கூச்சப்பட்டு ஆளுக்கொன்று வாங்கி வைத்திருக்கிறோம். ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. ‘அப்பாடா’ என்று எல்லோரும் உள்ளே ஓடினோம். நானும்தான். ஆனால் மறுநாள் காலையில் நாலு பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கரண்ட் போவதற்காகக் காத்திருக்க முடியாது. அதே வேலையைத் தினமும் இலவசமாகச் செய்யும் ஆட்கள் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நீங்கள் போர்டு வைத்து விரட்டுகிறீர்கள். ஒரு பையன் பந்தோடு வெளியே வந்தால் அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு தாத்தா வருவார். தாத்தாவோடு பேச இன்னொருவர் நிற்பார். 2009-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அக்கம்பக்கத்துத் தாய்மார் இருவர் செய்தது இவ்வளவுதான்: பள்ளி விட்டபின் சில மணி நேரம் தங்கள் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். தெருமுனையில் பெரியவர்கள் காவல் நிற்பார்கள். அங்கேயே குடியிருப்பவரின் கார் வந்தால் ஒருவர் முன்னே நடந்து, நடை வேகத்திலேயே அதை உள்ளே கூட்டிப்போவார். பிறகு நகராட்சியே அதற்கு அனுமதி தரும் முறையைக் கொண்டுவந்தது. இன்று அந்த வழக்கம் மற்ற ஊர்களிலும் பரவியிருக்கிறது. பிள்ளைகளுக்காக ஆரம்பித்த இடத்தில் பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சத்தம் உங்களுக்குத் தொல்லை என்பதை நான் மறுக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குத் தூங்கும் வீட்டுச் சுவரில் பந்து வந்து மோதினால் எனக்கும் கோபம் வரும். அதைப் பையன்களிடமே போய்ச் சொல்லலாம். ‘நாலு மணிக்கு மேல் ஆடுங்கடா, கண்ணாடிப் பக்கம் அடிக்காதீங்க’ என்றால் முக்கால்வாசிப் பையன்கள் கேட்பார்கள். கேட்காத கால்வாசிப் பையன்களை மற்றவர்கள் அதட்டுவார்கள். போர்டு வாய் திறந்து இப்படிப் பேரம் பேசாது. ஒருவேளை அதனால்தான் உங்களுக்கு அது வசதியாகப் பட்டதோ?

நாளைக்குச் சாயங்காலம் அந்த இரண்டு பந்துகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளாமல், நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். காற்று இறங்கியிருந்தால் அடித்துக் கொடுங்கள். பம்பு இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர் பெயரையும் அப்போதே கேட்டுவிடலாம்.